நேராகப் பறப்பவனைச் சுடுவதில்லை

சென்ற மாதம் காஜாங்கில் எங்கள் குடியிருப்பில் பழைய மின்பொருள்களைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் நாள் ஒன்றை நடத்தினோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் துண்டறிக்கையை நான்தான் எழுதினேன். ஈயம், பாதரசம், நிலத்தடி நீர் என்று மூன்று பத்திகள் அச்சுறுத்தல். நான்காவது பத்தியில் தேநீரும் வடையும் உண்டு என்ற தகவல். கூட்டம் நான்காவது பத்திக்குத்தான் வந்தது என்பது என் மனைவியின் கணிப்பு.

மேசையில் குவிந்திருந்த மின்விசிறிகளுக்கும் வானொலிப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மோடம் கிடந்தது. சாம்பல் நிறம், தடித்த புத்தகம் ஒன்றின் அளவு, முகப்பில் வரிசையாகச் சிறு விளக்குகள். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்க ஒரு காலத்தில் பயன்பட்ட கருவி. பக்கத்து வரிசை மாரியப்பன் ஓய்வுபெற்ற மின்பணியாளர். எதையும் சோதித்துப் பார்க்காமல் தூக்கிப் போட அவருக்கு மனம் வராது. செருகினார். சிவப்பு விளக்குகள் எரிந்தன.

“அண்ணே, இதுக்கு இன்னும் உயிர் இருக்கு லா!”

சிறிது நேரத்தில் அந்த வாசனை வந்தது. தூசு படிந்த பிளாஸ்டிக் சூடாகும்போது எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், சற்றே இனிப்பான வாசனை. “அணைச்சிடுங்க,” என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. மாரியப்பன் திகைத்துப்போய்க் கம்பியைப் பிடுங்கினார். அவரிடம் சொல்லாத காரணத்தை, நண்பரே, உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே மாலை கட்டுவார்கள். பின்புறம் ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று மோதி இணைக்கும் ஓசை. நனைந்த பூவும் டீசலும் கலந்த காற்று அந்த அறையில் நாள் முழுவதும் நிற்கும். பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தோட்டப்புறப் பிள்ளைகள் ஏன் பாதியிலேயே பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று ஆராயும் சமூக அமைப்பு ஒன்றில் எனக்கு வேலை. வாரம் முழுவதும் ரவாங், டெங்கில் பக்கத்துத் தோட்டங்களில் வீடு வீடாகச் சென்று கேள்வித்தாள் நிரப்புவேன். சனிக்கிழமை பிற்பகலில் போர் விமானம் ஓட்டுவேன்.

சிரிக்க வேண்டாம். இந்த முரண்பாட்டை நானும் கவனித்திருந்தேன். வளைகுடாவில் போர் மூண்டபோது கண்டன மனுவைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கு அலைந்தவன் நான். ஆகவே கணினி விளையாட்டில்கூட எனக்கு ஓர் ஒழுக்கம் இருந்தது. பாலத்தைத் தகர்க்கும் பயணங்களைத் தொடமாட்டேன். பாலத்தின்மேல் யாராவது போய்க்கொண்டிருக்கக் கூடும். ஒருவனை ஒருவன் எதிர்த்து, ஆளில்லாத கடலுக்கு மேலே நடத்தும் சண்டையால் எவருக்கும் தீங்கில்லை என்று எல்லாப் பக்கமும் ஆராய்ந்து முடிவு செய்திருந்தேன். ஆராய்வதுதானே என் தொழில்.

அந்த ஒருவன் ஜீவா. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன். அப்போது ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தான். கிள்ளானில் பெற்றோருடன் குடியிருந்தான். அவன் வீட்டு மாடியில் ஒரு கணினி, என் அறையில் ஒன்று, இடையே தொலைபேசிக் கம்பி. நான் அழைப்பேன், இரண்டு மோடங்களும் கிரீச்சிட்டு ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும், பிறகு என் திரையின் வானத்தில் ஒரு சிறு புள்ளியாக ஜீவா தோன்றுவான். இன்றைய பிள்ளைகளுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நானோ முதல் நாள் நாற்காலியை இழுத்துத் திரையருகே போய் உட்கார்ந்தேன். அந்தப் புள்ளிக்குள் என் நண்பன் இருந்தான்.

ஜீவாவின் தந்தையை நான் அங்கிள் என்றே அழைப்பேன். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தேநீர்க் குவளையோடு மகனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று சண்டை முழுவதையும் பார்ப்பார். முடிந்ததும் தொலைபேசியில் எனக்கு அறிக்கை வாசிப்பதும் அவரே.

“தம்பி, உன் ஃப்ரெண்ட் இன்னைக்கு மூணு தடவ செத்துட்டான் லா. ஆனா ராத்திரி சோறு மட்டும் ஒழுங்கா சாப்பிடுவான், பாத்துக்கோ.”

அவருக்குப் பதில் சொல்லிச் சமாளித்தவர் எவருமில்லை. “மத்தியானத்துல இருந்து ரெண்டு பேரும் சுத்துறீங்க. எங்கயாச்சும் போய்ச் சேந்தீங்களாடா?” என்பார். அவருடைய சிரிப்பு கம்பி வழியே வரும்போது ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஓட்டக் கற்பது ஒன்று. சண்டையிடக் கற்பது வேறு. என்னால் கடக்க முடியாமல் போனது ஓர் உத்தி. எதிரியின் பின்னால் மிகுந்த வேகத்தில் வந்துவிட்டால் அவனைத் தாண்டிப் போய்விடுவோம். தாண்டிய கணமே அவன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பான்; கதை முடிந்தது. வேகத்தைக் குறைக்க விசையைக் கைவிட்டாலோ சண்டைக்கான ஆற்றல் போய்விடும். ஆகவே மூக்கை உயர்த்தி மேலே எழும்பி, தலைகீழாக உருண்டு, அவனைச் சுற்றி ஒரு பெரிய திருகுச் சுழல் போட்டு, அவனுக்குப் பின்னாலேயே இறங்க வேண்டும். உச்சியில் கடல் தலைக்கு மேல் வந்துவிடும். முன்கண்ணாடியில் எதிரி இருக்கமாட்டான். ஒரு கை விசைப்பிடியில் இருக்க, மறு கையால் பார்வைத் திசையை மாற்றும் பொத்தான்களைத் தேடி, கூரைக் கண்ணாடி வழியே அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பதற்குள் எனக்கு மேல் எது கீழ் எது என்பது மறந்துவிடும். கடலுக்குள் போய்ச் சொருகிக்கொள்வேன். எங்களிடம் இருந்த கையேடோ நகலுக்கு நகல் எடுத்தது. அதிலிருந்த அம்புக்குறிகள் எல்லாம் கறுப்புக் கறையாகியிருந்தன.

நாங்கள் அந்த உத்திக்கு ரொட்டி என்று பெயர் வைத்திருந்தோம். ரொட்டி சானாய் போடுபவர் மாவைச் சுழற்றி வீசித் திருப்புகிறாரே, அந்த நினைப்பில் அங்கிள் வைத்த பெயர். “என்ன தம்பி, ரொட்டி வந்துச்சா?” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார். “பிஞ்சு போச்சு அங்கிள்” என்பேன். மறுமுனையில் அந்தச் சிரிப்பு.

எங்களுக்குள் ஒரு விதியும் இருந்தது. சண்டைக்கு நடுவே யாராவது எழுந்து போக நேர்ந்தால், விமானத்தை நேராக, சமமாகப் பறக்கவிட்டுப் போக வேண்டும். அப்படிப் பறப்பவனை மற்றவன் சுடக் கூடாது. கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். நான் அதைப் பெருமையாகவே நினைத்தேன். போருக்குள்ளும் ஓர் அறத்தை நுழைத்துவிட்டதாக ஓர் எண்ணம்.

இன்னொன்றையும் பழக்கத்தில் அறிந்திருந்தோம். ஜீவாவின் வீட்டுக் கூடத்தில் மற்றொரு தொலைபேசி அதே கம்பியில் இருந்தது. அங்கே யாராவது ரிசீவரை எடுத்தால், அவர்களுக்கு மோடத்தின் கிரீச்சொலிதான் கேட்கும், வெளியே யாரையும் அழைக்க முடியாது. எனக்கு, திரையில் ஜீவாவின் விமானம் ஒருமுறை துள்ளும். அவன் அம்மா, நான் ஆன்டி என்று அழைப்பவர், எடுத்து, காது கூசி, வைத்துவிட்டு, “ஜீவா, ஃபோன விடு, என் தங்கச்சிகிட்டப் பேசணும்” என்று மாடியைப் பார்த்துக் கத்துவார். சில நிமிடத்தில் நாங்கள் முடித்துக்கொள்வோம்.

அந்தச் சனிக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. சண்டை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஜீவாவின் விமானம் திருப்பத்தை விட்டு நேரானது. சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். சுடவில்லை, விதி விதிதான். ஆனால் அவன் பின்னால் வந்துகொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது. வளையாத, நெளியாத, தப்பிக்க முயலாத ஓர் இலக்கு இதுவரை எனக்கு வாய்த்ததில்லை. ரொட்டியைப் பழக இதைவிடச் சிறந்த தருணம் ஏது?

முதல் முறை தாண்டிப் போய்விட்டேன். சுற்றி வந்து மீண்டும் முயன்றேன். அப்போது அவன் விமானம் துள்ளியது. ஆன்டி எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. ஜீவாவே வந்து முடித்துக்கொள்வான் என்று எண்ணினேன். மீண்டும் மேலே எழும்பினேன். மீண்டும் துள்ளியது. அடுத்தடுத்துப் பலமுறை. ‘இன்னும் அஞ்சே நிமிஷம், ஆன்டி’ என்று வாய்விட்டே சொன்னேன், சிரித்துக்கொண்டும் சொன்னேன். உச்சியில் கடல் எங்கே இருக்கிறது என்பது அன்றுதான் முதன்முதலாக உடம்புக்குப் புரிந்தது. கூரைக் கண்ணாடியில் அவன் முதுகு தெரிந்தது. பிடியைத் தளர்த்தினேன். அவனைச் சுற்றி உருண்டு, வேகம் கரைந்து, அவன் வாலுக்குப் பின்னால் இறகுபோல் அமர்ந்தேன்.

ஜீவா வந்து பார்க்க வேண்டுமே என்று அங்கேயே ஒட்டிப் பறந்தேன். அவன் வரவில்லை. வெகுநேரம் கழித்து எரிபொருள் தீர்ந்து அவன் விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. யாரும் ஓட்டாத அந்த விமானம் கடலை நோக்கி இறங்கியதை நான் பின்தொடர்ந்து, நீரைத் தொடும்வரை பார்த்தேன். பிறகுதான் தொடர்பைத் துண்டித்தேன். உடனே அழைத்தும் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மாலையில் மருத்துவமனையின் பொதுத் தொலைபேசியிலிருந்து ஜீவா பேசினான். “அப்பா விழுந்துட்டாருடா. வாய் கோணிப் போச்சு.” பேருந்து பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். நடைவழி நாற்காலியில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு இறங்கி ஓடியிருக்கிறான். பக்கத்து வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்ததால், கார் தேடி அடுத்த தெருவுக்கு ஓடினான். காரோடு ஐந்து நிமிடத்தில் வந்திருக்கக் கூடிய அவனுடைய மாமாவுக்குத்தான் அம்மா தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்தார். கடைசியில் யாரோ ஒரு லோரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.

“மேல மோடம் ஓடிட்டு இருக்குன்னு எனக்கு ஞாபகமே வரலடா. ஒரு சுவிட்ச். போயி அணைச்சிருந்தா போதும்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். “உனக்கு ஒண்ணும் தெரியலயா? பிளேன் ஆடலயா?”

“இல்ல,” என்றேன். “சும்மா நேரா போயிட்டு இருந்துச்சு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவனை மேலும் வருத்தக் கூடாது என்பது ஒரு விடை. அது உண்மையன்று என்பது எனக்குத் தெரியும்.

அங்கிள் பிழைத்தார். பேச்சும் வலக் கையும் போயின. இன்னும் கொஞ்சம் முன்பே கொண்டுவந்திருந்தால் என்று மருத்துவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து, முடிக்காமல் விட்டார். சில வாரங்களுக்குப் பிறகு வீட்டில் ஆன்டி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

“எடுக்க எடுக்கக் கத்துச்சு தம்பி. அந்தச் சத்தத்துக்குள்ள யாரோ ஆள் இருக்கிற மாதிரியே எனக்கு. ‘யாரா இருந்தாலும் கொஞ்சம் வைங்கய்யா, இவரு கீழ கிடக்குறாரு’ன்னு அதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். பைத்தியக்காரி மாதிரி.”

நண்பரே, அந்தச் சொற்கள் என்னிடம் வந்து சேர்ந்திருந்தன. துள்ளலாக வந்தன.

சாய்வு நாற்காலியிலிருந்து அங்கிள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடக் கையை மெல்ல உயர்த்தி, உள்ளங்கையை ஒருமுறை திருப்பிக் காட்டினார். புருவம் கேள்வியாக உயர்ந்தது. ரொட்டி வந்துச்சா என்று கேட்டார். நான் ஆமென்று தலையசைத்தேன். அவர் வாயின் ஒரு பாதி சிரித்தது. அதன் பிறகு நான் விமானம் ஓட்டவில்லை. ஜீவாவும் கணினியை விற்றுவிட்டான். நான்கு ஆண்டுகள் அங்கிள் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் போன பின் ஜீவா ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தான்.

சென்ற ஆண்டு ஆன்டி காலமானார். காரியமெல்லாம் முடிந்த மாலையில், கல்லூரியில் படிக்கும் தன் மகளிடம் ஜீவா சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “தாத்தாவுக்கு அப்படி ஆனது என்னாலதாம்மா. ஒரு சுவிட்ச அணைக்கத் தோணல எனக்கு.” பலமுறை சொல்லித் தேய்ந்த வாக்கியம் என்பது அவன் குரலில் தெரிந்தது. முப்பது ஆண்டுகளாக என் பங்கையும் சேர்த்து அவன் சுமந்திருக்கிறான்.

வாசலில் பந்தலைப் பிரித்து லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனைத் தனியே அழைத்தேன்.

“ஜீவா, அன்னைக்கு பிளேன் துள்ளுச்சு. நான் பாத்தேன். ஆன்டி எடுக்குறாங்கன்னும் தெரியும். வைக்கல.”

அவன் என்னையே பார்த்தான். “அண்ணே, இந்த மேச உங்களதா, எங்களதா?” என்று லோரிக்காரர் குரல் கொடுத்தார். “உங்களது,” என்று அவருக்குப் பதில் சொன்னான். பிறகு என்னிடம் கேட்டான்:

“எத்தன தடவ?”

“எண்ணலடா.”

“எங்கம்மா எத்தன தடவ எடுத்தாங்கன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். அவங்க சொன்னதில்ல. யோசிச்சுப் பாரு.” சொல்லிவிட்டு உள்ளே போனான். விடைபெற வெளியே வரவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். அந்த வீடு விற்கப்பட்டுவிட்டது. கம்பத்திலிருந்து கூடத்துக்கு வந்த கம்பியை என்றோ அறுத்துவிட்டார்கள். எடுத்தவர் இல்லை, தரையில் கிடந்தவர் இல்லை. அந்தப் பிற்பகல் இப்போது என்னிடம் மட்டுமே இருக்கிறது, அதுவும் சரியாக இல்லை. சில நாள் ஆறு என்று வருகிறது. சில நாள் ஒன்பது. ஒன்று மட்டும் உறுதியாக நினைவிருக்கிறது. கடைசித் துள்ளலுக்குப் பின் விமானம் கடலில் விழும்வரை நீண்ட நேரம் எந்த அசைவும் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு, தரையில் அங்கிளின் பக்கத்தில் ஆன்டி போய் உட்கார்ந்த நேரமாக அது இருக்க வேண்டும். நானோ அப்போது, கடைசியில் நிம்மதியாகப் பறக்க முடிகிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். இதை அப்படியே ஜீவாவுக்கு எழுதி அனுப்பினேன். அவன் கேட்டது இதுவன்று. என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பதில் வரவில்லை.