குழாயில் விழாத உமிழ்நீர்

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. லிங்கராஜபுரத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் ஒட்டியது.

சில மாதங்களில் சோறு இறங்கவில்லை. இட்லியைத் தண்ணீர் ஊற்றித்தான் விழுங்கினேன். ஞாயிறு சர்ச் பூசையில் நன்மை வாங்கினால், ஆண்டவரின் உடலான அந்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கைக்குட்டையால் வாயை மறைத்து விரலால் தள்ளுவேன். ஆண்டவரை இப்படித் தள்ளுகிறோமே என்று உடம்பு கூசும். ஒரே வருடத்தில் மூன்று பற்கள் ஈறோரம் கரைந்து உடைந்தன. காலையில் விரல் கணுக்கள் வீங்கியிருக்கும்.

ஒரு டாக்டர் சர்க்கரை என்று சந்தேகப்பட்டார், இல்லை. இன்னொருவர் வயசுதான் காரணம் என்றார். மூன்றாமவர், "டென்ஷன் மேடம், யோகா பண்ணுங்க" என்றார். தலைமையாசிரியைக்கும் பொறுமை போய்விட்டது. "நீங்க தண்ணி குடிக்கறதுலயே பாதி பீரியட் போயிடுது மிஸ்."

கடைசியாக மூட்டுவலிக்காகப் போன இடத்தில் ஒரு பெண் டாக்டர் என்னை முழுக்கப் பேச விட்டார்.

"உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர் சுரப்பிங்கள தாக்குதுன்னு நெனைக்கிறேன். ஆனா ரத்தத்துல தெளிவா தெரியல" என்றார். பிறகு, "எச்சில்ல கிருமிய தடுக்கற புரதங்க இருக்கு. இந்த மாதிரி நாள்பட்ட வீக்க நோய்ல அது எப்படி மாறுதுன்னு இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. சாம்பிள் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

நான் மேலே எதையும் கேட்கவில்லை. எச்சில் பேசட்டும், நான் சொல்வது பொய்யில்லை என்று ஒரு காகிதம் வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், தண்ணீரும் கூடாது. ஆய்வகத்தில் என் வயதொத்த பெண் டெக்னீஷியன் ஒருவர் சின்னக் குழாய் ஒன்றைக் கையில் கொடுத்தார். கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேசினார். "தலைய குனிஞ்சிக்கோங்க மேடம். முழுங்கக் கூடாது. பதினஞ்சு நிமிஷம், தானா வர்றத விடுங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் கோடுவரை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். என் குழாயில் ஒரு பொட்டு நுரை.

"எலுமிச்சம்பழம் மோந்து பாக்கட்டுமா?"

"பேடா, வேணாம் மேடம். அப்படி வந்தா கணக்கு மாறிடும்."

அழுகை வந்தது. கண் எரிந்தது, நெஞ்சு விம்மியது, கண்ணீர் மட்டும் வரவில்லை. அதுவும் வற்றிப்போனது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பட்டறையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்த என் கணவர் உள்ளே வந்தார்.

"மேடம், வேணும்னா என்னோடத எடுத்துக்கங்க. ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதான் சாப்பிடறோம்."

யாரும் சிரிக்கவில்லை. டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அளவு போதவில்லை. அடுத்த வாரமும் போனேன், அன்றும் போதவில்லை. மூன்றாம் முறை நேரம் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. "இன்னும் பத்து நிமிஷம் குடுங்கம்மா" என்று கெஞ்சினேன். கூடுதல் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார். கடைசியில் குழாயின் அடியில் பசைபோல ஏதோ தேங்கியது. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாக்கு மேடம், போதும்."

"ரிப்போர்ட் எப்போ வரும்?"

அவர் தயங்கினார். "ரிப்போர்ட் குடுக்க மாட்டாங்க மேடம். இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான். உங்க பேரே இதுல இல்ல, வெறும் நம்பர்."

முதல் நாள் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளில் அது இருந்திருக்கும். நான் படிக்கவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "நான் நடிக்கலன்னு யாராவது எழுதிக் குடுத்தா போதுங்க" என்றேன். அதைக் கேட்டதும் கணவர் என்னை அங்கேயே விட்டுவிட்டு நேராக டாக்டரின் அறைக்குப் போனார்.

அந்த வாரமே, கீழுதட்டின் உட்புறத்தில் இருக்கும் சிறு உமிழ்நீர் சுரப்பிகளைச் சோதிக்க அங்கிருந்து சின்னத் துண்டு வெட்டி எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் ஒரு தாளில் சுரப்பியை வரைந்து, சுற்றிலும் புள்ளிகள் வைத்து, மேலே நோயின் பெயரை எழுதினார்.

"கிருமிய அடிக்க வேண்டிய செல்லுங்க உங்க சுரப்பிக்குள்ள பூந்து அடிச்சிட்டிருக்கு. இப்ப சந்தேகமே இல்ல."

"சரியாயிடுமா டாக்டர்?"

"கட்டுப்படுத்தலாம். அழிஞ்ச சுரப்பி திரும்ப வராது."

நோய்க்கு ஒரு பெயர் வேண்டும் என்று அத்தனை நாள் அலைந்தவள், அதைக் கேட்டதும் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிட நினைத்தேன்.

ரிப்போர்ட்டின் நகலைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "சாரி மிஸ்" என்றார். அடுத்த பருவத்திலிருந்து என்னைத் தேர்வுப் பிரிவு அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே பேச வேண்டியதில்லை. அதன்பிறகு நான் வகுப்பெடுக்கவில்லை.

இப்போது சாப்பாட்டு மணிக்கு அரைமணி முன்பு ஒரு மாத்திரை. உடம்பு வியர்க்கும், வாயில் கொஞ்சம் ஈரம் ஊறும். அது காய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். சில நாள் மாத்திரை வேலை செய்வதில்லை. அன்றைக்கு டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டு, கேள்வித்தாள் கட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறேன்.