மட்டம்

அவரை நாங்கள் மட்டம் என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டியவர். கண்ணாலேயே அளந்து நிலத்தைச் சமமாக்கிவிடுவார். சர்வேயர் கருவி வைத்துப் பார்த்தாலும் விரற்கடை வித்தியாசம் இருக்காது. இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட மட்டம் போடாத மட்டம் என்று கேலி செய்வோம். வண்டிகளுக்கு கிரீஸ் அடிக்கிற நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். இப்போது அதற்காக வருத்தப்படுகிறேன்.

நிலக்கரி தீர்ந்ததும் குழியை மூட உத்தரவு வந்தது. ஆழமான பக்கம் ஏரியாகும், படகு விடுவார்கள். நடுவில் பறவைகளுக்குக் காடு. மிச்சத்தை நிலம் கொடுத்தவர்களுக்கே விவசாயத்துக்குத் திருப்பித் தருவார்கள் என்றார்கள். அதில் மட்டத்தின் தங்கையுடைய நாலு ஏக்கரும் இருந்தது. பதினெட்டு வருஷம் அடுத்தவர் தோட்டத்தில் களை பிடுங்கியவள். புருஷனும் போய்விட்டான். அந்த நாலு ஏக்கரை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

தங்கை நிலத்தை நான்தான் போடுவேன் என்று மட்டம் கேட்டு வாங்கிக்கொண்டார். தோண்டும்போது தனியாகக் குவித்து வைத்த மேல்மண்ணைக் கடைசியில் பரப்ப வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. மற்றவர்கள் ஒருதரம் தள்ளிவிட்டுப் போகிற இடத்தில் இவர் பத்துத்தரம் ஓட்டினார். பக்கத்து நிலத்தைப் போட்டவன் சரியான சோம்பேறி. மேடும் பள்ளமுமாக ஏனோதானோவென்று கொட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். மட்டம் தலையில் அடித்துக்கொண்டார். தங்கை நிலமோ கேரம் போர்டு மாதிரி இருந்தது. அதிகாரிகள் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் விதைப்பு முழங்கால் உயரம் வருவதற்குள் மஞ்சளாகிச் செத்தது. இரண்டாவதும் அப்படியே. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வாரக்கணக்கில் நின்றது. சோம்பேறி போட்ட நிலத்தில் இடுப்பளவு பயிர், பள்ளங்களில் தவளை, தவளையைத் தேடிக் கொக்கு.

ஒருநாள் காலை, காலியாகிக்கொண்டிருந்த பணிமனைக்கே தங்கை ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வேர் அரையடி இறங்கி, அப்புறம் பக்கவாட்டில் மடங்கியிருந்தது.

"அண்ணே, வேர் கீழ போகலண்ணே. படுத்துக்கிச்சு."

மட்டம் அந்த வேரை விரலால் நீவிப் பார்த்தார். ஈரமண்ணில் நாற்பது டன் வண்டியைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் மண் கல்லாகிவிடும் என்று ரோடு போடுகிற எவனுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

ஆழமாக உழுகிற வண்டி கேட்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். நிலத்தை ஒப்படைத்தாகிவிட்டது, வண்டிகளெல்லாம் வேறு சுரங்கத்துக்குப் போய்விட்டன என்றார்கள். ஓய்வு பெற்றதும் கடப்பாரையோடு தானே இறங்கினார். இரண்டு வருஷத்தில் ஒரு மூலையைத்தான் உடைக்க முடிந்தது. அதற்குள் அவருடைய வலது தோள் போய்விட்டது.

தங்கை நிலத்தை ஏரியில் படகு விடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டாள். இப்போது அது படகு சவாரிக்கு வருகிறவர்களின் கார் நிறுத்துமிடம். தார்கூடப் போடவில்லை, தேவைப்படவில்லை. வண்டிகளுக்குக் கைகாட்டுகிற வேலை அவளுக்கே கிடைத்தது. திறந்த அன்று நாங்கள் இருவரும் போயிருந்தோம். வரிசையாக நின்ற கார்களை மட்டம் வெகுநேரம் பார்த்தார். தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். குரலில் கோபமே இல்லை.

"பாருண்ணே, ஒரு வண்டிகூட ஆடல. உன் வேலை எப்பவுமே சுத்தம்."

அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம். அன்றிலிருந்து நான் மட்டம் என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.