டெல்மிரா சொன்னதும் நான் சொன்னதும்

டெல்மிரா எங்கள் பாஸ்தா ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். பாதி முதலாளிக்குக் கீழே, மீதி முதலாளி இல்லாமல். நாட்டின் வடக்கே கொரியென்தெஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து இருபத்தேழு வயதில் எங்கள் ரொசாரியோ நகரத்துக்கு வந்தவள். உலர்த்தும் அறைதான் அவள் இடம். நீளப் பாஸ்தாவைக் கழிகளில் தொங்கவிட்டு ஈரம் வடியவிடுகிற அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாலே எங்களுக்கு மூச்சு முட்டும். அவள் வேலை நேரம் முழுக்க அங்கேதான் நிற்பாள்.

முதலாளி கதவைப் பூட்டிவிட்டு ஓடிப்போனபோது, பூட்டை உடைத்து உள்ளே போன முப்பத்தாறு பேரில் அவளும் ஒருத்தி. அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே சம்பளம், எல்லோருக்கும் ஒரு கை, ஒரு ஓட்டு. வாசல் சுவரில் அப்படித்தான் பெயின்டில் எழுதி வைத்தோம். எழுதியது நான். சபைக் கூட்டத்தை நடத்துபவனாக என்னையே வருடா வருடம் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குப் பேச்சு நன்றாக வரும் என்றார்கள்.

பதினோராவது வருடத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து லிலியான் ஓச்சோவா என்ற சமூகவியலாளர் வந்தார். முதலாளி இல்லாத இடத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். "தாராளமா பாருங்க, இங்க அது கிடையாது" என்று நானே நாற்காலி போட்டுக் கொடுத்தேன். ஒரு வருடம் கூட்டம் தவறாமல் வந்து, மூலையில் உட்கார்ந்து பதிவு செய்தார், குறித்துக்கொண்டார். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார்.

மாவு பிசையும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற கசிமிரோ அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

"என்னம்மா, இன்னிக்கு யாரு எத்தனை தடவ தும்முனாங்க?"

"நீங்க மூணு தடவ, தோழர்."

அந்த வருடம் ஆகஸ்டில் தெற்கிலிருந்து காய்ந்த காற்று வீசியது. காற்று காய்ந்தால் பாஸ்தா வெளிப்பக்கம் சீக்கிரம் இறுகி, உள்ளே விரிசல் விடும். பொட்டலத்தைப் பிரித்தால் துண்டு துண்டாகக் கொட்டும். உலர்த்தும் அறைச் சுவர் முழுக்க ஈரச்சாக்கு தொங்கவிடலாம் என்று கூட்டத்தில் நான் சொன்னேன். எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரே வாரத்தில் உடைசல் பாதியாகக் குறைந்தது. 'ருஃபினோ சாக்கு' என்று அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டிசம்பரில் லிலியான் தன் கணக்கைச் சாப்பாட்டு அறையில் வாசித்தார். யார் பெயரும் சொல்லவில்லை. உலர்த்தும் அறையிலும் பொட்டலம் அடுக்கும் மேசையிலும் இருக்கும் பெண்கள் அந்த வருடம் முன்வைத்த யோசனைகள் நாற்பத்துமூன்று. ஏற்றுக்கொள்ளப்பட்டவை மூன்று. மீதியில் பத்தொன்பது, சில மாதம் கழித்து வேறொருவர் வாயால் வந்து ஏற்றுக்கொள்ளப்பட்டன. பதினாறு முறை அந்த வேறொருவர் ஒரே ஆள்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எண்ணிக்கைய வச்சு எங்கள எடைபோட முடியாது, டாக்டர்" என்றேன். குரல் ஏறிவிட்டது. "உதாரணம் ஒண்ணு சொல்லுங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டார். மார்ச் மாதக் கூட்டம். டெல்மிராவின் குரல்: "தெக்கத்திக் காத்து வரும்போது செவுத்துல ஈரச்சாக்கு தொங்கவிட்டா..." உடனே கசிமிரோ: "பாஸ்தாவக் குளிப்பாட்டி, பவுடரும் போட்டு விடு." எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் ஓங்கிக் கேட்பது என் சிரிப்பு. அதற்கடுத்து என் குரல்: "சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்."

மறுநாள் உலர்த்தும் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில், 'அது உன் யோசனையும்தான்' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்கத்தான் போனேன்.

"நீ மார்ச்சுல சொன்னது எனக்கு நெஜமாவே ஞாபகம் இல்ல, டெல்மிரா."

அவள் கழியைத் திருப்பிக்கொண்டே பேசினாள். "எப்படி இருக்கும்? அப்ப நீ கேக்கல. ஜூலைல மாத்தே ஊத்திக் கொடுத்தப்ப ரெண்டாந்தரம் சொன்னேன். அப்பதான் கேட்ட."

இடைவேளையில் மாத்தே தேநீரை ஊற்றி ஒவ்வொருவருக்காகக் கொடுப்பது எப்போதும் அவள்தான். அவளுக்கு அது பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாத்தையும் அப்படித்தானா?"

"நடக்க வேண்டியத மட்டும். உன் காதுல போட்டா ஒரு மாசத்துல உன் வாயில வந்துடும். நீயும் சந்தோஷமா இருப்ப, வேலையும் நடக்கும்." அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

எதையாவது செய்துவிட வேண்டும் என்று தவித்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து, நான் விலகிக்கொள்கிறேன், இனி டெல்மிரா கூட்டத்தை நடத்தட்டும் என்று நீளமாகப் பேசினேன். கைதட்டினார்கள். டெல்மிரா எழுந்து நின்றாள்.

"இதையும் நீயேதான் சொல்லணுமா, ருஃபினோ? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் உட்கார்ந்தேன். அவள் பொறுப்பை ஏற்கவில்லை. கூட்டம் நடத்துவது மறுபடி என் தலையிலேயே விழுந்தது. மாத்தே ஊற்றுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டாள். அவரவர் ஊற்றிக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்து அவளே பேச நேரம் கேட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் இடம் மாற வேண்டும், அடுக்குகிறவர்கள் இயந்திரம் பழக வேண்டும், இயந்திரக்காரர்கள் உலர்த்தும் அறையில் நிற்க வேண்டும் என்றாள். பதினொரு நிமிடம் பேசினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஓட்டெடுத்தபோது ஒன்பது கை தூக்கினோம். இருபத்தேழு கை எதிராக.

டெல்மிரா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். வெளியே கைகழுவும் இடத்தில் கசிமிரோ என்னைத் தொட்டான். அவன் எங்களோடு கை தூக்கிய ஒன்பது பேரில் ஒருவன்.

"நல்ல யோசனைதான்டா. அடுத்த மாசம் நீ எந்திரிச்சுச் சொல்லு. பாஸாயிடும்."

முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் சட்டென்று சொல்லவில்லை. கையில் சோப்பு நுரையோடு நின்று, எப்படி ஆரம்பிக்கலாம், முதல் வாக்கியம் என்ன என்று யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

நாலு வருடம் கழித்து அவள் ஓய்வு பெற்று, கொரியென்தெஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். பஸ் நிலையத்தில் பெட்டியைத் தூக்கிவிட்டேன். கைகழுவும் இடத்தில் நடந்ததை அன்றைக்கும் அவளிடம் சொல்லவில்லை.