மஞ்சள் பொட்டு வைத்த பானையும் அத்தானின் மீசையும்

கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்காவும் அத்தானும் ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தானைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவருடைய மீசை. கதவைத் திறந்தால் மீசைதான் முதலில் உள்ளே வரும். அத்தான் பின்னால் வருவார்.

வந்த கிழமையே கடைக்குப் போய், ஒரு பெரிய எவர்சில்வர் பானையும் ஒரு அயன்பொக்ஸும் அத்தானுக்கு ஒரு சேட்டும் வாங்கினார்கள். பிள்ளைகளே, இங்கே எதை வாங்கினாலும் விலைக்குள் அரசாங்கத்தின் வரி ஒளிந்திருக்கும். சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் அந்தப் பொருளைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனால், அந்த வரியைத் திருப்பிக் கேட்கலாம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி, கடை தந்த கடதாசியில் முத்திரை வாங்க வேண்டும். ஆனால் பொருள் பாவிக்காததாக, புத்தம் புதிதாக இருக்க வேண்டும். இதை நான் சொன்னதும் அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எடுத்த வரியை எந்த அரசாங்கமாவது திருப்பித் தந்ததெண்டு கேள்விப்பட்டிருக்கிறியே?"

"தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார் அக்கா.

"தந்தால் நான் மீசையை எடுக்கிறன்."

"தம்பி, நீயும் கேட்டனிதானே?"

"கேட்டனான் அக்கா."

"பிறகு கதை மாத்தக் கூடாது."

அன்றிலிருந்து அக்கா அந்த மூன்று சாமான்களையும் கோழி முட்டையைக் காப்பது போலக் காத்தார். அத்தான் சும்மா இருக்கவில்லை. "இந்தப் பானையிலை ஒருக்காக் கூழ் காய்ச்சினால் எப்பிடியிருக்கும்?" என்பார். கசங்கிய சேட்டோடு வந்து நின்று, "ஒருக்காத் தேய்ச்சுத் தாவன்," என்பார். "கசங்கினபடியே போங்கோ," என்பார் அக்கா.

புறப்படும் நாள் வந்தது. சுங்க மேசையில் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தார். அக்கா பெருமையோடு பெட்டியைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பானையின் வயிற்றில் பெரிய மஞ்சள் பொட்டு. அயன்பொக்ஸின் மூக்கில் ஒரு பொட்டு. சேட்டுக் கொலரின் அடியில் மஞ்சள் தீற்றல்.

"அக்கா, இதென்ன?"

"வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு வைச்சனான். புதுச் சாமானை வெறுமனே விடலாமே?"

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பானையை மோந்து பார்த்தார்.

"கறி வாசம்," என்றார். "இதில் சமைத்திருக்கிறீர்கள்."

பிறகு அயன்பொக்ஸைத் தூக்கி மோந்தார். "இதிலும் சமைத்தீர்களா?"

நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவன். என் ஜேர்மனும் சமையலறை ஜேர்மன்தான். வெங்காயம், கரண்டி, சீக்கிரம் என்பதெல்லாம் நன்றாக வரும். பொட்டு வைப்பதை விளக்க அதில் வார்த்தை இல்லை. யோசித்து, "புதிய பொருளுக்கு வைப்பது. பிறந்தநாள் மாதிரி," என்றேன்.

"யாருடைய பிறந்தநாள்?"

"பானையுடையது."

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். அதிகாரி என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். பிறகு அத்தானின் நெற்றியைப் பார்த்தார். பயணம் நல்லபடி அமைய வேண்டுமென்று காலையில் அக்கா அங்கேயும் ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்.

"புதிய பொருளுக்குத்தான் பொட்டு என்றால், இவரும் பாவிக்காதவரா?"

மொழிபெயர்த்தேன். "அது பாவிச்சுப் பாவிச்சுத் தேஞ்ச சாமான் எண்டு சொல்லு, தம்பி," என்றார் அக்கா.

அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரியின் உதடு துடித்தது. ஆனால் முத்திரை மேசையை விட்டு எழும்பவில்லை. மன்னிக்க வேண்டும், கறை பட்ட பொருளைப் பாவித்ததாகத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

அக்காவின் முகம் சுருங்கிப் போனது. "காசு போனால் போகட்டும் தம்பி. நான் பொய் சொல்லுறன் எண்டெல்லே இந்தப் பிள்ளை நினைக்குது."

அத்தான் வெற்றியோடு மீசையைத் தடவிக்கொண்டு நின்றவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கினார். பெருமூச்சு விட்டார். முன்னால் வந்து, தான் போட்டிருந்த பழைய சேட்டின் கொலரைத் திருப்பிக் காட்டினார். அங்கே மங்கலாக ஒரு மஞ்சள் நிழல்.

"தம்பி, இதைச் சொல்லு. இதிலையும் உன்ரை அக்காதான் பூசினவ. ஒருக்காத் தோய்ச்சதோடை வெளிறிப் போச்சு. உந்தப் புதுச் சேட்டைப் பார், பளிச்செண்டு கிடக்கு. உடுத்தித் தோய்ச்சிருந்தால் இப்பிடிக் கிடக்குமே? பானையைக் கழுவியிருந்தால் பொட்டு இருக்குமே?"

நான் சொன்னேன். அதிகாரி எழுந்து வந்து, அத்தானின் கழுத்தருகே குனிந்து ஒரு கொலரையும் மேசையிலிருந்த மற்றக் கொலரையும் மாறி மாறிப் பார்த்தார். ஈரக் கடதாசியால் பானைப் பொட்டின் ஓரத்தைத் துடைத்தார். ஓரம் போய்விட்டது. பானைக்குள் எட்டிப் பார்த்தார். கடைக்காரன் ஒட்டிய லேபிள் அடியில் அப்படியே இருந்தது.

"அப்படியென்றால் பொட்டு இருப்பதால்தான் இது பாவிக்காதது," என்றார்.

"ஓம்," என்றார் அக்கா, மொழிபெயர்க்க முன்பே.

டக், டக், டக் என்று முத்திரை விழுந்தது.

அடுத்த யன்னலில் வரிப் பணத்தைக் கொடுத்தார்கள். அக்கா எண்ணிக்கூடப் பார்க்காமல் அதை அத்தானின் மூக்குக்கு முன்னால் விசிறினார். அத்தான் மெல்ல, "கத்தரிக்கோல் பெட்டிக்குள்ளை போயிட்டுதே," என்றார்.

"பெட்டியும் எங்களோடைதான் வருது," என்றார் அக்கா.

ஒரு விஷயம் பிள்ளைகளே, புதுச் சாமானுக்கு மஞ்சள் வையுங்கள், நல்லதுதான். முத்திரை விழுந்த பிறகு வையுங்கள்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வீடியோவில் கூப்பிட்டார்கள். அத்தான் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். அக்கா அதை இழுத்தார். உரித்த முட்டை போல மேலுதடு. அதன் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு.

"புதுசுதானே, தம்பி," என்றார் அக்கா. "வெறுமனே விடலாமே?"

"முகம் கழுவினால் போயிடும்," என்றார் அத்தான்.

"கழுவிப் பாருங்கோவன்," என்றார் அக்கா.