ஆறு கைக்கு ஒரு கை

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் யுவராணி முதல் காரியமாக இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாள். விரல்நுனிகள் மட்டும் சுடிதார் ஓரத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். மவுஸை உருட்டுவது வலது கை. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கவேண்டும் என்றாலும் அதே வலது கைதான் மவுஸை விட்டு ஓடிப்போய், அமுக்கிவிட்டு, திரும்ப ஓடிவரும். இந்த வேலையை உலகமே இரண்டு கையாலும் பார்க்கிறது.

"என்ன யுவா, அந்தக் கைக்கு இன்னிக்கும் லீவா?" என்று பக்கத்து நாற்காலி ராம்கி கேட்காத நாள் இல்லை.

"குளிருதுலே" என்பாள். மே மாதத்து ராஜபாளையத்தில் யாருக்குக் குளிரும்? காரணம் அவளுக்கே தெரியாது.

செட்டியார்பட்டி போகிற சாலையில், பாண்டேஜ் துணி நறுக்கிப் பெட்டியில் அடைக்கிற சின்னக் கம்பெனி அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அவளும் முதலில் பேக்கிங்கில்தான் நின்றாள். கை, கால் வலிக்கு மாட்டும் பிளாஸ்டிக் சப்போர்ட்டும் செய்வோம் என்று முதலாளி வேல்பாண்டி துணிந்தபோதுதான், பாலிடெக்னிக் படித்த பிள்ளை என்று அவளை மாடிக்கு ஏற்றினார். கட்டைவிரல் சப்போர்ட்டை வெளிநாட்டு அளவை வாங்கிச் செய்து பார்த்தார்கள். நம்மூர்ப் பெண்கள் மாட்டினால் ஒருபக்கம் லொடலொட, மறுபக்கம் எலும்பில் இடி.

"நம்ம கைகளையே ஸ்கேன் எடுத்து, எல்லாத்துக்கும் நடுவா ஒரு கை செஞ்சிருவோம் சார்" என்று யுவராணிதான் வாயைக் கொடுத்தாள்.

"செய்யி. புதன்கிழமை அச்சு வெட்டக் குடுக்கணும். உன் கை சரியா வந்தா அது போகும். இல்லன்னா பழைய அளவே போகட்டும், நீயும் கீழ பேக்கிங்குக்கே போயிரு தாயி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார் வேல்பாண்டி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ராம்கி போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, துணி நறுக்கும் பெண்கள் ஆறு பேரின் கையைச் சுற்றிச் சுற்றி ஸ்கேன் எடுத்து வந்தான். திரையில் ஆறு சாம்பல் நிறக் கைகள். ஒவ்வொன்றின் மேலும், கம்ப்யூட்டரிலேயே இருக்கும் மாடல் கை ஒன்றை, மாதிரிக் கையை, வலைபின்னிய கையுறை போல இழுத்துப் போர்த்த வேண்டும். ஆறிலும் புள்ளிகள் அதே எண்ணிக்கையில், அதே வரிசையில் வந்துவிடும். அப்புறம் புள்ளிக்குப் புள்ளி கூட்டி ஆறால் வகுத்தால் போதும். ஒரே புள்ளிக் கோலத்தை ஆறு பேர் ஆறு வாசலில் போட்டு, ஆறையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கோணலைப் பங்குபோட்டுக்கொள்வது மாதிரி. யாருடைய கையாகவும் இல்லாமல், எல்லாருடைய கையாகவும் ஒரு கை எழுந்து வரும்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்து வந்தது. கட்டைவிரல் அடியில், புறங்கைப் பக்கம், ஒரு மேட்டோடு. சப்போர்ட் உட்கார வேண்டிய இடமே அதுதான்.

"குளவி கொட்டுன கை மாதிரில்லா இருக்கு" என்றான் ராம்கி. "கத்திரி பிடிச்சுப் பிடிச்சு வீங்கியிருக்கும். தேச்சு விட்டுட்டுப் போ யுவா, யாரு பாக்கா?"

தேய்ப்பது லேசு. நாலு இழுப்பில் மேடு மறையும். மறைந்தால் அது கீழே நிற்கிறவர்களின் கையாக இருக்காது. யுவராணி உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கையாகக் கணக்கிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முதல் கையை எடுத்தாள். மேடு இன்னும் கொஞ்சம் எழும்பியது. திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள், அப்படியேதான். மூன்றும் நாலும் அதே கதை. ஐந்தாவதை எடுத்தாள்.

பொசுக்கென்று அமுங்கிவிட்டது.

திரும்ப வைத்தாள், எழும்பியது. எடுத்தாள், அமுங்கியது. "ஏலே ராம்கி! இங்க வாலே! அஞ்சாவது யாரு கை?"

"பரிபூரணம் அக்கா கை. ஏன், என்னாச்சு?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பரிபூரணம் எப்போதும் சுவர் ஓரத்து மேசையில்தான் நிற்பாள், முதுகை எல்லாருக்கும் காட்டியபடி. அன்றும் அப்படித்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். யுவராணி சுற்றி வந்து எதிரே நின்று பார்த்தாள். கத்திரி இடது கையில்.

"அக்கா, ஸ்கேனுக்கு எந்தக் கையக் காட்டுனீக?"

கத்திரி நின்றது. "அவன்தான வேலை செய்யுத கைய மல்லாத்தி நீட்டுங்கன்னான். சோத்துக்கையின்னு கேட்டிருந்தா அதை நீட்டியிருப்பேன்."

"அடி ஆத்தி! பீச்சாங்கையவா அச்சு வெட்டக் குடுத்த?" என்று பக்கத்து மேசை சண்முகத்தாய் கத்த, கூடமே சிரித்தது.

பரிபூரணத்தின் முகம் சுருங்கிவிட்டது. "ஏட்டி யுவராணி, என் கையைத் தூக்கிப் போட்டுரு. என்னால ஒன் வேலை போவாண்டாம்."

"தூக்க மாட்டேன்க்கா. வலிக்கிற கைதான அது. திருப்பிப் போடுதேன், பாருங்க."

மற்ற ஐந்தும் வலது கை. மல்லாத்திய இடது கையும் குப்புறக் கிடக்கிற வலது கையும் சாம்பல் படத்தில் ஒரே சாயல். அதில் யுவராணியும் ஏமாந்தாள், மாதிரிக் கையும் ஏமாந்தது. உள்ளங்கையின் சதைமேட்டைப் புறங்கையாக நினைத்துப் போர்த்திவிட்டது. மாடிக்கு ஓடி, பரிபூரணத்தின் கையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டினாள். மாதிரிக் கையைப் புதிதாகப் போர்த்தினாள். கூட்டினாள், வகுத்தாள்.

வந்தது பாருங்கள் ஒரு கை! மேடு போன இடம் தெரியவில்லை. இப்போதுதான் மாவு பிசைந்து கழுவிவிட்டு வந்த மாதிரி, அப்படி ஓர் உயிர். யுவராணி தன்னை அறியாமல் கை நீட்டித் திரையைத் தொட்டாள்.

"அடடே, லீவு முடிஞ்சிருச்சு போல!" என்றான் ராம்கி. தொட்டது இடது கை.

புதன்கிழமை வேல்பாண்டி வந்தபோது மேசையில் 3டி பிரிண்டரில் எடுத்த இரண்டு சப்போர்ட் இருந்தன. "இது எதுக்கு இன்னொண்ணு?" என்றார். ஆறுக்கும் நடுவான அந்தக் கையை இன்னொரு தரம் கண்ணாடிபோல் புரட்டி, இடது கைக்கும் ஒன்று செய்திருந்தாள் யுவராணி. பரிபூரணத்தைக் கூப்பிட்டு இடது கையில் மாட்டிவிட்டாள். பரிபூரணம் கத்திரியை எடுத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. முதலாளிக்கு நேராக நின்று, ஒரு முழத் துணியைச் சரசரவென்று நறுக்கினாள்.

"இடிக்கலையா?"

"மாட்டியிருக்கதே தெரியல சார்."

வேல்பாண்டி அங்கேயே போனை எடுத்தார். "அச்சு ரெண்டு வெட்டணும்ப்பா. ஆமா, ரெண்டு கைக்கும். அளவ எங்க யுவராணி அனுப்பும்."

இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்துத்தான் இன்னொன்று தெரியவந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்திருந்த பரிபூரணத்திடம், பேச்சோடு பேச்சாக யுவராணியின் அம்மா ஆனந்தவல்லி சொன்னது: "சின்னப்பிள்ளையில இவளுக்கும் பீச்சாங்கைதான். பள்ளிக்கூடத்துல சேக்குததுக்கு முன்னால மாத்தணும்னு, சோறு வச்சாலும் சிலேட்டக் குடுத்தாலும் அந்தக் கையத் தொடைக்கு அடியில வச்சு உக்காருன்னுதான் பழக்குனேன்."

யுவராணிக்கு அது நினைவிலேயே இல்லை.