ஆசிரியர் கேட்டு வந்த பிரதி

சூறாவளி அடித்த அடுத்த வருடம் நான் கல்முனையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்துக்கு எங்களுக்குத் தமிழில் கிடைத்தது ஒரேயொரு நூல். நூலகப் பிரதிகள் கூரை பறந்த அன்றே ஊறிப்போயின. மறுபதிப்பும் வரவில்லை. என்னிடமிருந்த பிரதியைப் பார்த்து ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ இயந்திரத்தில் அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

பதிப்பாளரின் ஆள் ஒருவர் கொழும்பிலிருந்து புத்தகக் கடைக்கு வந்த இடத்தில், என் மாணவி ஒருத்தியின் கையில் அந்தத் தாள்களைக் கண்டுவிட்டார். நேரே அதிபரிடம் வந்து, வழக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"படிப்பிக்கத்தானே சேர் அடிச்சன்" என்றேன் அதிபரிடம்.

"படிப்பிக்க ஒண்டு ரெண்டு பக்கம் எடுத்தாப் பரவாயில்லையாம். நீங்க முழுப் புத்தகத்தையுமே அடிச்சி வெச்சிரிக்கீங்களே, டீச்சர்!"

பிள்ளைகளிடம் இருந்த தாள்களையும் வாங்கி, ஸ்டென்சில்களோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மலையும் மழையும் எவருக்கும் சொந்தமில்லை, எழுதிய வசனம்தான் சொந்தம், ஆகவே நீங்களாகக் குறிப்பு எழுதுங்கள் என்றார்.

எழுத உட்கார்ந்தேன். ஆனால் நானே அந்த நூலைப் படித்துப் பரீட்சை எழுதியவள். எந்த வசனத்தைத் தொடங்கினாலும் அது நூலாசிரியருடையதாகவே முடிந்தது. வெட்டி மாற்றினால் கருத்துப் பிழையானது. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான், சங்கதி கேள்விப்பட்டு, நூலாசிரியரே வந்தார். காரைதீவில் படிப்பிப்பவர், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஏசப்போகிறார் என்று எண்ணி எழுந்து நின்றேன்.

"அந்தத் தாள்ல எனக்கும் ஒரு செட் தரலாமா, டீச்சர்? என்ட பிரதியெல்லாம் புயலோட போயிட்டு. என்ட பிள்ளைகளுக்கும் ஒண்டுமில்ல."

"நீங்க அனுமதி தந்தா அடிக்கலாம்தானே, சேர்?"

"உரிமைய அப்பவே பதிப்பாளருக்கு எழுதிக் குடுத்துட்டன். இப்ப நானும் அடிக்க ஏலா. கேட்டுப் பாத்தன், மறுமொழியே இல்ல."

அலுமாரியைத் திறக்கவைக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

தாளில் அடிக்காமல், சொல்லி எழுதவைப்போம் என்று இருவரும் முடிவெடுத்தோம். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறையான சனிக்கிழமைகளில் அவர் தம் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். எங்கள் மண்டபத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதினார்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "இதுவும் புத்தகத்துல உள்ள வசனம்தான்" என்று என்னைப் பார்த்தார். "சொல்லுங்க, சேர்" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

அப்படியும் பாடத்திட்டம் முடியவில்லை. மண் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்கவே நேரம் கிடைக்கவில்லை. வினாத்தாளில் மண் வந்தது. பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வந்த பிள்ளைகள், வாசலில் நின்ற என்னைக் கண்டதும் வினாத்தாளை மடித்துக்கொண்டு கடந்து போனார்கள்.