கீழ்த்தட்டு முட்டைகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு வந்தபோது இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றில் பல்பு மாட்டி, குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தேன். ஊரே சிரித்தது. இன்று டெல்லி ஓரத்து நஜஃப்கரில் சொந்தப் பட்டறை. அரியானா வரைக்கும் என் பெட்டிகள் ஓடுகின்றன. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில் தெற்கு டெல்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், அவர்கள் வைத்திருந்த வேறு கம்பெனிப் பெட்டியின் விசிறி சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். அங்கே ஆய்வு செய்தவள் டெல்லியிலேயே, ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கேட்டதற்குப் பொறுமையாகச் சொன்னாள். குஞ்சின் மூளை உருவாகும்போது நரம்பு செல்கள் ஓரிடத்தில் பிறந்து வேறிடத்துக்கு நகர்ந்து போகுமாம். இப்படி வா, அங்கே போகாதே என்று அவற்றுக்கு வழிகாட்டச் சில புரதங்கள் உண்டாம். அதில் ஒன்றை மருந்து போட்டு அடக்கினால் செல்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. அதுதான் அவளுடைய மூன்று வருட உழைப்பு. டாக்டர் பட்டமே அதை நம்பித்தான்.

பெட்டியைத் திறந்ததும், கைப்பழக்கத்தில், தட்டுக்கு ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் சூடு பார்ப்பது அப்படித்தான். மேல்தட்டு சரி. கீழ்த்தட்டு குளிர்ந்து கிடந்தது. அவளிடம் சொன்னேன்.

"டிஸ்ப்ளேல கரெக்டாதானே காட்டுது அங்கிள்?" என்று சிரித்தாள்.

"மீட்டர மேல மாட்டியிருக்காங்க கண்ணு. கீழ இருக்கற சங்கதி அதுக்கென்ன தெரியும்? மருந்து போட்ட முட்டைய எந்தத் தட்டுல வெப்பீங்க?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. மருந்து போடாததோடு கலந்துவிடக் கூடாதென்று, மருந்து போட்டதையெல்லாம் மூன்று வருடமாகக் கீழ்த்தட்டிலேயே வைத்திருக்கிறாள். சூடு குறைந்தால் குஞ்சு மெதுவாகத்தான் வளரும். செல்கள் நின்றது மருந்தாலா, குளிராலா? யார் சொல்ல முடியும்?

விசிறியை மாற்றி, எல்லாத் தட்டுக்கும் ஒரே சூடு வரும்படி செய்து கொடுத்தேன். அவள் முதலிலிருந்து தொடங்கினாள். மருந்து போட்டால் செல்கள் நிற்கவில்லை, வழி தவறி மூளையின் வேறு அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கின்றன என்று தெரியவந்தது. அவள் ஆய்வு உயிர் பிழைத்தது.

அதை விளக்கும் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். குளிர்ந்த தட்டை "நாங்கள் கவனித்தோம்" என்றாள். திரையில் நன்றிப் பட்டியல் வந்தது. பேராசிரியர், கூடப் படித்தவர்கள், அவள் வீட்டுப் பூனைகூட இருந்தது. நான் இல்லை.

வெளியே வந்து கேட்டேன். "சாரி அங்கிள், மெக்கானிக் பேரெல்லாம் போட மாட்டாங்க. சார் ஒத்துக்க மாட்டாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

படிக்காததால் பட்ட அவமானம் எத்தனையோ மறந்துவிட்டேன். இது மட்டும் மறக்கவில்லை. அவளுடைய ஆய்வுக் கட்டுரை இன்னும் அச்சாகவில்லையாம். அப்படியானால் இடம் இருக்கிறது. தட்டு குளிர்ந்திருந்ததைக் கண்டவன் யார் என்று ஒரு வரி, முழுப் பெயரோடு, அதில் வர வேண்டும். என் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டியவர்கள் அங்கே எழுதட்டும்.